இடப்பக்கம் மூன்று தரம்

கல்முனையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எனக்கு ஓர் அறை இருக்கிறது. என் தொழில் யுங்கிய உளப்பகுப்பாய்வு. வருகிறவர்களின் கனவுகளைக் கேட்டு, அவற்றின் வழியே மனத்தைத் தேடுவது. வெளிநாட்டில் படித்தேன். ஊரில் ‘டொக்டர்’ என்கிறார்கள். நான் மருத்துவன் இல்லையென்று திருத்துவதுமில்லை.

மருதமுனையிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். கணவர் கட்டாரில் கட்டட வேலை. இவருக்கு நெஞ்சுப் படபடப்பு, நித்திரையில்லை. ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது என்பார். என்ன கனவென்று மட்டும் சொல்ல மாட்டார்.

“கெட்ட கனவு டொக்டர். இடப்பக்கம் மூணு தரம் துப்பிட்டுத் திரும்பிப் படுக்கிற. ஒருத்தருக்கும் சொல்லப்படா. சொன்னா பலிச்சிரும் எண்டு உம்மா சொன்ன.”

எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டிலும் அதே பாடம்தான். ஆனால் ஐந்து வாரமாக அவர் வாய் திறக்காதது எரிச்சலாகிவிட்டது. படித்த திமிர் வேறு. “சொல்லாட்டி இஞ்ச வந்து என்ன பிரயோசனம்?” என்று கேட்டுவிட்டேன்.

முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். வீட்டு முற்றத்தில் கணவர் வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கிறார். கூப்பிடக் கூப்பிட எழும்பவில்லை. அது உங்கள் கணவர் அல்ல, உங்களுக்குள் உறங்கிப்போன உங்கள் துணிவு என்று அழகாக விளக்கினேன். அவரும் தலையாட்டினார். அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றி நல்ல பெருமை.

மூன்று வாரம் கழித்து வந்தவர் கதிரையில் உட்காரவில்லை. கணவர் வேலையிடத்தில் மாடியிலிருந்து விழுந்து, முதுகெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம்.

“நான் வாயத் துறந்ததாலதானே?”

“அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல” என்றேன். இப்போதும் அதைத்தான் நம்புகிறேன்.

“நீங்க கெட்ட கனவு கண்டா ஆருக்கிட்ட சொல்ற டொக்டர்?”

படிக்கும் காலத்தில் என் கனவுகளையும் ஒருவர் வாராவாரம் கேட்டார். அந்தப் படிப்பின் விதி அது. உம்மா இறந்து மையித்தாகக் கிடந்த கனவை மட்டும் அவரிடம் மறைத்தேன். இந்தப் பெண் வந்து இதைக் கேட்ட அன்று விடியற்காலையும் மகளைப் பற்றி ஒன்று கண்டு, மூன்று தரம் துப்பித் திரும்பிப் படுத்திருந்தேன். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

“நானும் ஆருக்கிட்டயாவது சொல்றதான்” என்றேன்.

அவர் அதை நம்பினார். “அப்ப சொல்லியும் உங்களுக்கு ஒண்டும் ஆகல்ல. எனக்குத்தான் ஈமான் காணாது போல, அல்லாஹ்ல நம்பிக்கை குறைவு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

நாலு படிதான் இறங்கியிருப்பார். கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் என்னை விடவில்லை.