விண்டோஸில் ஓடாத ஒரு டெஸ்ட்

1. முருகையனின் போன்

ரசாயன ஆலையின் ஷிப்ட் இன்சார்ஜ் முருகையன் போன் செய்தபோது எங்கள் டெஸ்ட் ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாக, எல்லாம் பாஸ் என்று இருந்தது.

"மேடம், காஸ் அலாரம் லிமிட்டக் கொறைச்சு சேவ் பண்ணேன். கரண்ட் போயி வந்துச்சு. பாத்தா பழைய லிமிட்டே நிக்குது. லீக் ஆனா அலாரம் லேட்டாத்தான் அடிக்கும். உள்ள ஆளுங்க வேலை செய்யறாங்க மேடம்."

எங்களுடையது கடலூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ். காஸ் சென்சார்களைக் கண்காணிக்கும் புரோகிராமை சி மொழியில் எழுதியிருந்தோம். ஒரே கோட் இரண்டு இடத்தில் ஓடும். டேங்க் அருகே இருக்கும் பெட்டியில் லினக்ஸ், கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் விண்டோஸ். லினக்ஸ் என் பொறுப்பு, விண்டோஸ் மலர்விழியின் பொறுப்பு. அவள் காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ்ஸில் சிதம்பரம் வருவாள். அங்கிருந்து கடலூர் வரை இருவரும் ஒரே சீட்டில்தான் போவோம். அன்றைய பாதி பிரச்சினையை பஸ்ஸிலேயே பேசி முடித்துவிடுவோம்.

மலர் அந்த கோட் ஃபைலைத் திறந்தாள். புது செட்டிங்கை முதலில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, பிறகு அதற்குப் பழைய ஃபைலின் பெயரை வைப்பதுதான் வழக்கம். லினக்ஸில் பழைய ஃபைல் இருந்தாலும் அதன்மேல் புதியது ஏறிவிடும். விண்டோஸில் அதே பெயரில் ஃபைல் இருந்தால் பெயர் மாற்றும் 'ரீநேம்' தோற்றுவிடும்; பழைய செட்டிங்கே ஃபைலில் நிற்கும்.

இதற்கு டெஸ்ட் இருந்தது. ஆனால் எங்களுக்கு முன் இருந்த யாரோ அதை 'இஃப்டெஃப்' என்ற நிபந்தனை போட்டு, லினக்ஸுக்கு மட்டும் என்று மூடியிருந்தார்கள். விண்டோஸுக்கு கம்பைல் ஆகும்போது அந்த வரிகளே காணாமல் போய்விடும். மலர் என்னைக் கூப்பிட்டாள்.

"ரோசு, இங்க பாரேன். உள்ள ஒண்ணுமே இல்லடி. ஒண்ணுமே செய்யாம பாஸ் ஆயிருக்கு."

2. மலர் சொன்ன 'மாட்டேன்'

"இத மட்டும் சரி பண்ணி அனுப்பிடுங்க. மத்தத அப்புறம் பாக்கலாம்" என்றார் மேனேஜர்.

"இதே மாதிரி இன்னும் எத்தினி இருக்குன்னு தெரியாம அனுப்ப மாட்டேன் சார். அதுவரைக்கும் கரண்ட் வந்ததும் லிமிட்ட கையாலயே போடச் சொல்லி முருகையன் அண்ணன்கிட்ட நான் பேசறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. மேனேஜர் ஒரு வாரம் கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க ஒரே மேசையில் உட்கார்ந்தோம். எங்கும் ஒரே மாதிரி நடக்க வேண்டியவற்றுக்கு ஒரே பொது டெஸ்ட் ஃபைல், அதில் இஃப்டெஃப் கூடாது. லினக்ஸ், விண்டோஸ் என ஏதோ ஒரு பிளாட்ஃபார்முக்கு மட்டும் உரியதைத் தனி ஃபைலில் வைத்து, அந்த பில்டில் மட்டும் சேர்த்தோம். தோற்ற டெஸ்ட் சிவப்பிலும், ஓட முடியாத டெஸ்ட் 'ஸ்கிப்' என்று காரணத்தோடு மஞ்சளிலும் வர வேண்டும். முதல் ரிப்போர்ட்டில் பச்சையைவிட சிவப்பும் மஞ்சளும்தான் ஜாஸ்தி. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். மலரோ சிரித்தாள். "இப்பதான் சார் அது உண்மை பேசுது."

ஒவ்வொன்றாகச் சரிசெய்து அனுப்பினோம். முருகையன் கரண்டை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனில் கத்தினார். "புது லிமிட்டே நிக்குது மேடம்!"

3. மஸ்கட்

கணவருக்கு வேலை கிடைத்து மலர் மஸ்கட் போய்விட்டாள். பிறகு குழந்தை. விண்டோஸும் என்னிடம் வந்தது. விண்டோஸ் டெஸ்ட் ஏதாவது சிவப்பாகும்போது "மலரு, இங்க வாயேன்" என்று இன்னும் வாய்வரை வந்துவிடுகிறது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஓடாத டெஸ்ட்டை பாஸ் என்று காட்டாதீர்கள். ஓடவில்லை என்று காட்டுங்கள், ஏன் என்றும் எழுதுங்கள்.

சமீபத்தில் மேனேஜர் விண்டோஸுக்கு ஆள் எடுக்கலாம் என்றார். நான் உடனே மலரைக் கூப்பிட்டேன்.

"வீட்லேருந்தே பண்ணலாம்டி. மேனேஜர் ஒத்துக்குவாரு."



"ரோசு, இங்கயே ஒரு ஆபீஸ்ல கூப்ட்டிருக்காங்க. ஞாயித்துக்கெழம சேர்றேன், இங்க அன்னிக்குத்தான் வாரம் தொடங்கும். அவுங்களுதும் ரெண்டு பிளாட்ஃபார்ம்ல ஓடற கோட்தான். டெஸ்ட்டே கெடையாதாம்!"

அவள் குரலில் இருந்த துள்ளலைக் கேட்டபின், வா என்று மறுபடி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அங்க லினக்ஸ யாருடி பாப்பாங்க?"

"நானேதான். தெரியலன்னா உன்னக் கூப்புடறேன்."

இன்னும் கூப்பிடவில்லை. அவளே கற்றுக்கொண்டிருப்பாள்.