பதின்மூன்று பேரில் ஒருவன்

ரக்பி லீக் என்பது, ஓடி வருகிற ஆளுக்கு வழி விடாமல் நிற்பதற்குச் சம்பளம் தருகிற தொழில். வட இங்கிலாந்தில், இரண்டாம் பிரிவுக் கழகங்களில், பன்னிரண்டு வருடம் அப்படி நின்றேன். பிறகு பாரிசில், லா சப்பலில் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்று யோசிக்கிறவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். இதை அவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

முதல் மூக்கு

என் அப்பா அம்மா யாழ்ப்பாணம். நான் பிறந்தது யோர்க்‌ஷயரில். எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெடியளும் லீக்தான் விளையாடினார்கள். நானும் விளையாடினேன், உடம்பும் வளர்ந்தது, பத்தொன்பது வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். நான் முன்வரிசைக்காரன். பந்தை வாங்கிக்கொண்டு நேரே எதிரிகளுக்குள் போய் மோத வேண்டும். அவர்கள் மோத வந்தால் பிடித்து விழுத்த வேண்டும். அழகாக ஓடுகிற வேலை வேறு ஆட்களுடையது.

முதல் ஆட்டம், நாலாவது நிமிடம், ஒருவனுடைய முழங்கை என் மூக்கில் இறங்கியது. கோட்டுக்கு வெளியே இருத்தி, கழகத்து வைத்தியர் இரண்டு பெருவிரலாலும் அமத்தி அதை நிமிர்த்தினார். கண்ணால் தண்ணீர் ஓட, "கோணலாக இருக்கா?" என்று கேட்டேன். மனுசன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முந்தியும் அது அவ்வளவு நேராக இருக்கவில்லை. எழும்பு."

கலியாணப் படம்

நான் கட்டின மயூரி, பாரிசின் புறநகரான லா கூர்னெவில் வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை கலியாணம், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆட்டம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கிழமை நான் நிற்காவிட்டால் அடுத்த கிழமை என் இடத்தில் இன்னொருவன் நிற்பான். இந்தத் தொழிலில் லீவு எடுப்பது என்றால் அதுதான். விளையாடினேன். மணவறையில் இருந்தபோது இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் மூடிக் கிடந்தது. பவுடர் மூன்று தரம் பூசியும் மறையவில்லை. லா சப்பலில் இருந்து வந்த படப்பிடிப்பாளர் இருபது படம் எடுத்த பிறகு கமராவை இறக்கிவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளை, இது பொம்பிளை அடிச்சதில்லை எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ, சனம் என்னட்டையெல்லோ கேக்குது."

ஏழு நிமிடம்

முப்பத்தொரு வயதில் கழகம் என்னை விட்டது. முகாமையாளரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியது முதல் வெளியே வந்தது வரை ஏழு நிமிடம். கார் தரிப்பிடத்திலேயே இருந்து மயூரிக்கு போன் பண்ணினேன். தாய் தகப்பனை விட்டு, எனக்காக ஆறு வருடம் அந்த மழை ஊரில் ஒரு கிட்டங்கிக் கந்தோரில் வேலை செய்தவள் அவள். அது தெரிந்தும், "இன்னும் ரெண்டு மூண்டு வருசம் விளையாடுவன், வேறை கழகம் பாக்கிறன்" என்று சொன்னேன். அவள் சொன்னாள்: "ஓம், விளையாடுங்கோ. ஆனா இனி என்ரை ஊரிலை இருந்து விளையாடுங்கோ."

மற்ற ரெண்டு பேர்

பாரிசில் ரக்பி என்றால் பதினைந்து பேர் ஆடுகிற மற்ற வகை. எங்கள் லீக், பதின்மூன்று பேர் ஆட்டம், பிரான்சின் தெற்கில்தான் பிழைக்கிறது. தேடித் தேடி, புறநகரில் ஒரு சின்னக் கழகத்தைக் கண்டுபிடித்தேன். பஸ் ஓட்டுகிறவர்களும் வயரிங் செய்கிறவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுவார்கள். சம்பளம் கிடையாது. கிழமை நாட்களில் லா சப்பலில் சிவா அண்ணையின் பலசரக்குக் கடையில் மூட்டை இறக்கினேன். என் தோளைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் என்ன விளையாட்டு என்று கேட்டார். சொன்னேன், ரக்பி, ஆனால் பதின்மூன்று பேர். அவர் முருங்கைக்காயைப் பொறுக்கியபடியே கேட்டார்: "அப்ப மற்ற ரெண்டு பேருக்கும் விசா கிடைக்கேல்லையோ?"

முழங்கால்

அந்தச் சின்னக் கழகத்தில் என் இரண்டாவது ஆட்டம். கால் புல்லில் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது. உள்ளே 'டப்' என்ற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. நாலு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒப்பரேசன் செய்த வைத்தியரிடம் எப்போது நடக்கலாம் என்று கேட்டேன், சொன்னார். எப்போது ஓடலாம் என்றேன், சொன்னார். எப்போது விளையாடலாம் என்றேன். கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார்.

முழங்கால் நார் இன்னொரு முறை அறுந்தால் மூட்டை தூக்குவதையும் மறந்துவிடு என்று கினே, அதாவது என் முழங்காலுக்குச் சிகிச்சைப் பயிற்சி தந்த பெண், தெளிவாகச் சொன்னாள். திரும்பவும் விளையாடப் போகிறேன் என்றதற்கு மயூரி இரண்டு கிழமை என்னோடு சண்டை பிடித்தாள். அவள் பக்கம்தான் நியாயம். ஆனால் இத்தனை வருடம் ஓடியவன், கடைசியாகக் களத்தை விட்டது படுத்தபடி. அதை அப்படியே விட என்னால் முடியவில்லை. ஒரே ஒரு ஆட்டம், அதோடு சரி என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். சிவா அண்ணை என்னைக் கல்லாவில் இருத்தினார், ஒரு நிபந்தனையோடு: "தம்பி, கடன் கேக்கிற ஆக்களைப் பிடிச்சு விழுத்திப்போடாதையும்."

படிகள்

படி ஏறுவது சுகம், இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. முழங்கால் நோகிறவர்களுக்கு இது தெரியும். கடை திறக்க முன்னர், தினமும் காலையில் மெத்ரோ ரெயில் நிலையப் படிகளில் நாற்பது தரம் ஏறி இறங்கினேன். குளிரிலும் மழையிலும் ஒரு நாளும் விடவில்லை. ஒன்பதாவது மாதம், கீழே தள்ளுவண்டியில் சோளம் சுடுகிற பங்களாதேஷ்காரர் என்னை மறித்தார். இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு பிரெஞ்சில் சொன்னார்: "என்ரை பயணக் கார்டைத் தாறன், ஒரு நாளைக்காவது ரெயினிலை ஏறிப் போ."

இருபது நிமிடம்

பதினொரு மாதத்துக்குப் பிறகு, லெ பிளாங்-மெனில் பக்கம், ஒரு ஞாயிறு மத்தியானம், தூறல். ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்க என்னை இறக்கினார்கள். பதினெட்டுப் புள்ளி பின்னால் நிற்கிறோம். முதல் பந்தை வாங்கியதும் பயம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஒப்பரேசன் செய்த காலை முன்வைத்தே போய் மோதினேன். கால் நின்றது. அதற்குப் பிறகு பயத்துக்கு நேரமில்லை. கடைசி நிமிடம் அவர்களுடைய மிகப் பெரிய ஆள் எங்கள் கோட்டை நோக்கி என் மேலேயே வந்தான். இடுப்பில் கட்டிப்பிடித்து, பின்னால் இழுபட்டு, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அவனை விழுத்தினேன்.

நடுவர் விசில் ஊதினார். தோல்விதான். எங்கள் தலைவன் கரீம், பஸ் சாரதி, என்னைக் கைகொடுத்து எழுப்பி, "தோத்த ஆட்டத்திலை இது என்னத்துக்கு?" என்று கேட்டான். நான் கரையை நோக்கி நடக்கத் தொடங்கினேன். மைதானத்தின் மறு கரையில் மயூரி குடையோடு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அடி எடுத்து வைக்க வைக்க முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி தூரம் வந்ததும் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு கத்தினாள்: "நடந்துதானே வாறியள் என்னப்பா? அப்ப கெதியா வாங்கோ, குளிருது."

இந்தப் பதினாலு வருடத்தில் நான் ஒரு கோப்பையும் தூக்கியதில்லை, ஆனால் கடைசியாகக் களத்தை விட்டுப் போன அன்றைக்கு என்னை ஒருவரும் தூக்க வேண்டி வரவில்லை.