விக்டோரியா அக்கா காத்த வலை

அந்தக் கோலைப் போட்டது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் ஊர்க்காரர்களைப் போல விக்டோரியா அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவீர்கள். நான் முத்துக்கனி. தூத்துக்குடியில் கடற்கரைத் தெரு முனையில் இருந்த பலசரக்குக் கடை எங்கள் அப்பாவுடையது. எதிர்வீடு விக்டோரியா அக்காவுடையது.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று பிள்ளைகள், ஒரு கருவாட்டுக் கூடை, கப்பல் சங்குக்கு ஈடான ஒரு தொண்டை. புருஷன் சிலுவை அண்ணன் வள்ளத்தில் மீன்பிடி தொழிலுக்குப் போகிறவர். அக்கா யாருக்கும் பயப்பட மாட்டாள், கோயில் மணிக்கு மட்டும் அடங்குவாள். பொழுது சாயும்போது மாதா கோயிலில் செப மணி அடித்தால் எங்கே நிற்கிறாளோ அங்கேயே நின்றுவிடுவாள். ஒருமுறை தெருக்குழாயில் இசபெல்லாவோடு சண்டை. இரண்டு பேர் கையிலும் மற்றவளுடைய கொண்டை. மணி அடித்தது. கையை விட்டார்கள், சிலுவை போட்டார்கள், கண்ணை மூடிச் செபத்தை முழுசாகச் சொன்னார்கள். முடிந்ததும் அக்கா விட்ட வசவின் பாதியிலிருந்தே தொடர்ந்தாள். கொண்டையையும் மறக்காமல் பிடித்துக்கொண்டாள்.

எழுபத்தைந்தாம் வருஷம் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிற பாஸ்கல் அண்ணனுக்குப் பித்துப் பிடித்தது. வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் கரையில் பந்து விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து, நம் பெண்களும் ஆடினால் என்ன என்று கிளம்பிவிட்டார். ‘கடல் நட்சத்திரம் மகளிர் கால்பந்துக் கழகம்’ என்று பெயர் வைத்தார். ஏழு பேர் சேர்ந்தோம். ஆறு பேர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், ஏழாவது முருகனைக் கும்பிடுகிற நான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓடினோம்.

கோல் கம்பத்துக்கு வலை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், வலைகள் சும்மாதான் கிடக்கும். அக்கா சிலுவை அண்ணனின் வலையைத் தூக்கி வந்து கட்டினாள். வலை யாருடையதோ அவளே அதற்குக் காவல் என்று பாஸ்கல் அண்ணன் அவளையே கோலில் நிறுத்திவிட்டார். இதைவிடப் பெரிய தப்பை அவர் விஞ்ச் ஓட்டும்போதுகூடச் செய்ததில்லை.

ஊர்க் கமிட்டி பெண்களுக்கு நடத்திய போட்டியின் முதல் ஆட்டத்தில் எதிராளி அடித்த பந்து வலையில் போய் விழுந்தது. அக்கா கைதட்டிக் குதித்தாள்.

“விழுந்துட்டுளா! நம்ம வலையில விழுந்துட்டு!”

பாஸ்கல் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “யக்கா, விழவிடக் கூடாதுக்கா!”

“வலையில ஒண்ணு விழுந்தா சந்தோசப்படணும்லே. நீ பரவன்தானா?”

விளக்கிச் சொன்ன பிறகு புத்திக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை. பிறந்ததிலிருந்து வலைக்கு வருவதை மறிக்கக் கூடாது என்று வளர்ந்த உடம்பு. பந்து வந்தால் சேலையை ஒதுக்கிக்கொண்டு மரியாதையாக வழிவிட்டுவிடும். அந்த ஆட்டத்தை ஏழுக்கு ஆறு என்று ஜெயித்தோம். அந்த ஏழில் ஐந்து என்னுடையது. யாராவது சொல்கிறார்களா பாருங்கள்! அடுத்து எங்களோடு மோத வேண்டிய அணியின் பஸ் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் படுத்துக்கொண்டது. ஆடாமலே இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

ஆனால் ஆறு பந்து விழுந்ததில் சிலுவை அண்ணனின் வலை அங்கங்கே அறுந்துவிட்டது. உட்கார்ந்து தைத்தபடியே அவர் தெருவுக்கே கேட்கச் சொன்னார்:

“ஏளா விக்டோரியா, கேட்டுக்கோ. இனி ஒத்தக் கண்ணி அறுந்தாலும் உன் பந்தாட்டம் அத்தோட சரி. பொறவு அந்தப் பொட்டல் பக்கம் உன்னப் பாக்கப்படாது.”

அவர் சொன்னால் சொன்னதுதான். அக்கா எங்கள் கடைக்கு வந்து, வாங்க வந்த மிளகாய் வத்தலை மறந்து நின்றாள்.

“போனாப் போவுதுன்னு விட்டுட்டுப் போங்கக்கா. ஒரு பந்தக்கூட பிடிச்சதில்ல, உங்களுக்கு என்னத்துக்கு இந்த ஆட்டம்?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “கோலுக்குள்ள நிக்கேன்லா முத்துக்கனி, அந்த ஒரு மணி நேரந்தான் என்கிட்ட யாரும் சோறு கேக்கதில்லளா.”

எனக்கு மூஞ்சி செத்துப்போனது. மிளகாய் வத்தலை அளவுக்கு மேலே அள்ளிப் போட்டேன்.

இறுதி ஆட்டம் சாயர்புரத்துப் பெண்களோடு. இறுதி ஆட்டத்துக்கு இரண்டு பக்கமும் வலை வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. சாயர்புரத்தில் வலைக்கு எங்கே போவார்கள்? அங்கே பனையும் பள்ளிக்கூடமும்தான். அக்கா, பாவம் பார்த்து, வீட்டில் இருந்த இரண்டாவது வலையையும் புருஷனிடம் கேட்காமலே கொண்டுவந்து அவர்களுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டாள். சிலுவை அண்ணன் பொட்டலுக்கு வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கோட்டோரம் குந்திக்கொண்டார்.

கமிட்டித் தலைவர் பெண்மையின் பெருமை பற்றிப் பேசிப் பேசிப் பொழுதைப் பாதி கழித்துவிட்டதால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. பாஸ்கல் அண்ணன் ஒரே ஒரு தந்திரம் வைத்திருந்தார். ஆறு பேரையும் அக்காவுக்கு முன்னால் சுவர் மாதிரி நிறுத்திவிட்டார். எங்கள் முதுகிலும் முழங்காலிலும் பட்டுப் பந்து திரும்பிக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்திலும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது எங்கள் பேபி, பறந்து வந்த பந்தைக் கையால் லட்டு மாதிரி பிடித்து, “யக்கா, இந்தாங்க” என்று அக்காவிடம் நீட்டினாள்.

நடுவர் தாணுலிங்கம் அண்ணாச்சி விசிலை ஊதிவிட்டார். பெனால்டி.

எல்லாரும் விலகி நின்றோம். அந்தப் பக்கத்துக் கோல்கீப்பர்கூட வேடிக்கை பார்க்க நடுமைதானத்துக்கு வந்துவிட்டாள். அடிக்கப்போவது அவர்கள் கேப்டன் பிளாரன்ஸ் டீச்சர். அக்கா எப்படியும் வழிவிட்டு ஒதுங்குவாள் என்று சாயர்புரம் வரைக்கும் தெரிந்திருந்தது. ஆகவே டீச்சர் நேர் நடுவில் குறி வைத்தாள். அக்கா அப்போதே சேலையை ஒதுக்கத் தொடங்கியிருந்தாள். சிலுவை அண்ணனின் கண் வலையிலேயே இருந்தது. விசில் கேட்டது.

மாதா கோயிலில் மணி அடித்தது.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். சிலுவை போட்டாள், கை கூப்பினாள், கண்ணை மூடினாள். டீச்சர் அடித்த பந்து குண்டு மாதிரி வந்து அவள் வயிற்றில் மோதியது. “ஹுக்” என்று ஒரு சத்தம். கண்ணைத் திறக்கவில்லை, கையை எடுக்கவில்லை. உதடு மட்டும் செபத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது.

சுற்றிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் கண்ணை மூடி நிற்கிறார்கள். பாஸ்கல் அண்ணன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருக்கிறார். கோட்டோரம் திரண்டிருந்த கடற்கரை ஜனம் மொத்தமும் கண்ணை மூடியிருக்கிறது. சாயர்புரத்தாரும் வேதக்காரர்கள்தான், ஆனால் அவர்கள் சபையில் இந்த மணிக்கு நிற்கும் வழக்கம் இல்லை. இருந்தாலும் இத்தனை பேர் செபம் சொல்லும்போது எப்படி ஓடுவது என்று கூச்சப்பட்டு நின்றுவிட்டார்கள். எனக்கு ஒரு மணியும் இல்லை. செந்தூர் முருகா என்று பந்தைக் காலால் தட்டிக்கொண்டு ஓடினேன்.

எதிரே ஒரு குருவி இல்லை. கிட்டப் போய், ஐந்து கோல் போட்டும் யாரும் கண்டுகொள்ளாத கோபத்தையெல்லாம் காலில் வைத்து உதைத்தேன். பந்து வலையைப் பிய்த்துக்கொண்டு போய் உப்பளத்தில் விழுந்தது.

நான் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு சத்தம் இல்லை. அங்கே இன்னும் செபம் முடியவில்லை.

முடிந்ததும் அக்கா கண்ணைத் திறந்து, “பந்து எங்கனளா?” என்று கேட்டாள். எல்லாரும் அவள் வலையைப் பார்த்தார்கள். வலை காலி. பொட்டலே அலறியது. அவளை அப்படியே தூக்கிக்கொண்டார்கள். நான் கோல் போட்டதை நடுவர் சொல்லித்தான் என் அணிக்கே தெரியும். பிளாரன்ஸ் டீச்சர் போய், “அவங்க சும்மா நின்னாங்க, நாங்க ஆட்டம் நின்னுட்டுன்னு நெனச்சோம்” என்று வாதாடினாள். தாணுலிங்கம் அண்ணாச்சி, “மணி கோயில்ல அடிச்சுது டீச்சர். நான் விசில் ஊதலயே” என்று முடித்துவிட்டார்.

அப்போதுதான் கமிட்டிக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார், வலை கிழிந்திருக்கிறது என்று.

அக்காவைக் கீழே இறக்கினார்கள். சிலுவை அண்ணன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வலையை நோக்கி நடந்தார். அக்கா பின்னாலேயே போனாள். நானும் போனேன், உதைத்த கால் என்னுடையதல்லவா. ஒத்தக் கண்ணியா அது? ஒரு குடம் நுழையும்.

“அறுந்துட்டுங்க” என்றாள் அக்கா. அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து நான் கேட்டதே இல்லை. “இனி வரல. வீட்டுக்குப் போவோம்.”

சிலுவை அண்ணன் அவளைப் பார்த்தார். பந்து பட்ட வயிற்றை அவள் இன்னும் தடவிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்தார். தலையை அந்த ஓட்டைக்குள் விட்டு அந்தப் பக்கமாக எட்டிப் பார்த்தார். உப்பளத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். தலையை வெளியே எடுக்காமலே சொன்னார்:

“எங்கனளா அறுந்திருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலயே.”

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. உப்புக்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன் பிறகு அக்கா ஐந்து வருஷம் கோலில் நின்றாள். மணி அடிக்காத நேரத்தில் ஒரு பந்தைக்கூட அவள் பிடித்ததில்லை. சிலுவை அண்ணனுக்குத்தான் சங்கடம். தைத்தால் அறுந்ததை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும், ஆகவே தைக்கவே இல்லை. அந்த ஓட்டையோடுதான் கடலுக்குப் போனார். கைக்கு வந்த மீன் அந்த வழியாக நழுவும்போதெல்லாம் அவர் வள்ளத்தில் ஒரு கூச்சல் எழும்:

“ஏலே, முத்துக்கனில ஒண்ணு போயிட்டுலே!”

என் கோலை யாரும் பார்க்கவில்லை. ஓட்டைக்கு மட்டும் என் பேர்.