பெருநாளுக்கு வந்த காய்ச்சல்

என் வேலைக் காலத்தில் நான் ஒரே ஒரு தடவைதான் பொய்க் காய்ச்சல் சொல்லி லீவு போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. வெட்கம் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

சுனாமியில் கடல் வந்து போய் மூன்று வருடம் கழிந்திருந்த நேரம். கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் தாதியாக இருந்தேன். சண்டை எங்கள் பக்கத்தில் ஓய்ந்து வடக்கே போயிருந்தது. ஆனாலும் வெளியூர்த் தாதிகள் இங்கே வரப் பயந்தார்கள். வந்தவர்களும் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சிய நாங்கள் ஒவ்வொருவரும் இரண்டு பேர் வேலையைச் செய்துகொண்டிருந்தபோதுதான், தாதிகளுக்குப் பொறுப்பாகப் புது மேற்றன் வந்து சேர்ந்தார்.

கல்முனையைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி. ஆள் குள்ளம், குரல் நெட்டை. காலையில் சுவர்க் கடிகாரம் ஏழு அடித்ததும் வரவுப் புத்தகத்தில் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே மூன்று முறை ஒப்பமிட்டால் அரை நாள் லீவு போய்விடும். அந்தக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடுகிறது என்று ஒரு நாள் நான் வாயைக் கொடுத்தேன். "அப்ப நீங்களும் ரெண்டு நிமிசம் முந்தி ஓடி வாங்க பிள்ள" என்றார். அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் சரிவரவில்லை. எனக்கு மட்டும் சரிவரவில்லை என்று சொல்வதுதான் சரி. அவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி.

சுகயீன லீவுக்கு அவர் வைத்த சட்டம் இன்னும் மோசம். உடம்புக்கு வருத்தம் என்று யாராவது சொன்னால், ஆஸ்பத்திரி வேனில் ஏறி அவரே வீடு தேடிப் போவார். கையில் காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீற்றர், கூடவே இரண்டு தோடம்பழம். உண்மையான வருத்தம் என்றால் பழத்தைக் கொடுப்பார். பொய் என்றால் பழம் திரும்பி வந்துவிடும், லீவும் வெட்டுப்படும்.

எங்கள் முஸ்லிம் ஊர்களில் இது பலிக்கவில்லை. எங்களிடம் வருத்தம் பார்க்க வருகிறவர் என்றால் பெரிய மரியாதை. மேற்றன் சோதனை போட வந்திருக்கிறார் என்று ஒரு வீட்டுக்காரருக்கும் விளங்காது. இவ்வளவு பெரிய மனிசி எங்கள் பிள்ளையை வருத்தம் பார்க்க வந்துவிட்டாவே என்று நெகிழ்ந்துபோய், கோழி அறுத்துவிடுவார்கள். ஒரு தடவை மருதமுனைக்குப் போனவர் வேன் நிறையக் கத்தரிக்காயோடு திரும்பி வந்தார். லீவை வெட்டினாரா என்றால், வெட்டினார். கத்தரிக்காயை ஆஸ்பத்திரிச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டு வெட்டினார்.

அந்த வருடம் நோன்பு மாதம் வந்தது. லீவு வேண்டியவர்கள் இரண்டு கிழமைக்கு முன்பே தேதி எழுதித் தர வேண்டும் என்று மேற்றன் அறிவித்தார். முஸ்லிம் தாதிகள் நாங்கள் ஆறு பேர். ஆறு பேரும் அவர் முன்னால் போய் நின்றோம்.

"மேற்றன், பெருநாள் புதனா வியாழனா எண்டு எங்களுக்கே இன்னும் தெரியாதே. பிறை கண்டாத்தான் தெரியும்" என்றேன்.

"பிறைக்காக நான் தேதி இல்லாம லீவு எழுதேலாது பிள்ள. மூண்டு பேர் புதன், மூண்டு பேர் வியாழன். எழுதினாப் பிறகு மாத்துறேல்ல."

யோசித்துப் பார்த்தால் அது நியாயமான பிரிப்புத்தான். எனக்கு அப்போது யோசிக்க மனம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பெருநாள் எனக்கு மற்றப் பெருநாள்கள் மாதிரி இல்லை. கடற்கரையில் இருந்த எங்கள் வீட்டைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனபின், தகரக் கொட்டிலில்தான் எல்லாப் பெருநாளும் போனது. இப்போதுதான் வீட்டுத்திட்டத்தில் கல் வீடு கிடைத்திருந்தது. கட்டாரில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், மகள் வயிற்றில் இருந்தபோது போனவர், முதல் தடவையாக வந்திருந்தார். அந்தச் சனிக்கிழமை திரும்பிப் போக வேண்டும். எங்கள் மகள் வாப்பாவோடு கொண்டாடப்போகும் முதல் பெருநாள் அது. அந்த ஒரு நாள் எனக்கு வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

கலண்டரில் புதன்கிழமை சிவப்பில் இருந்தது. அதை நம்பிப் புதன் என்று எழுதினேன். என்னோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்த சம்மாந்துறைத் தோழி ஒருத்தி இருந்தாள், எதற்கும் முண்டியடிக்காதவள். "எனக்கு மிச்சமானதைத் தாங்க" என்று சொல்லி வியாழனை எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை பொழுதுபட, மஃரிப் தொழுகை நேரத்துக்கு ஊரே கடற்கரையில் நின்றது. மேற்கே வயல் பக்கமாக ஒரே மழை முகில். பிறையைக் காணவில்லை. வேறு ஊர்களிலும் காணவில்லை என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். நோன்பு முப்பது, வியாழக்கிழமை பெருநாள்.

என் லீவு நாளில் நான் வீட்டில் பட்டினியாக இருந்தேன். என் கணவர் பாடு இன்னும் பரிதாபம். கட்டாரில் ஒரு நாள் முந்தி நோன்பைத் தொடங்கியவர் அவர்.

"நான் இப்ப முப்பத்தொண்டாவது நோன்பு புடிக்கன். உலகத்தில வேற ஆரும் புடிச்சிரிப்பாங்களாகா?" என்று கேட்டுக்கொண்டு பாயில் சுருண்டு கிடந்தார்.

மேற்றனிடம் போய் நிலைமையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கடிகாரக் கதைக்குப் பிறகு அவரிடம் ஒன்றைக் கேட்பதா என்று எனக்கு ரோசம். பின்னேரம் மூன்று மணிபோல பக்கத்து வீட்டு மாமியிடம் போய், அவருடைய போனில் ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். எடுத்துப் பேசியது என் சம்மாந்துறைத் தோழி. குரலை இறக்கிக்கொண்டு, கடும் காய்ச்சல், எழும்ப முடியவில்லை, நாளைக்கு வர மாட்டேன் என்றேன்.

"அல்லாஹ்வே, பெருநாளும் அதுவுமா? நீ ஒண்டுக்கும் யோசிக்காதகா. படுத்திரு. இங்க நாங்க பாப்பம்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "நோன்போட பொய் சொல்லிப்போட்டு வந்திரிக்காய். என்ட முப்பத்தொண்டில ஒண்டை உனக்குத் தரட்டா?"

நான் செய்த பிழை அதுவல்ல. பிழை என்னவென்றால், மாமியின் வீட்டில் நின்று போன் பேசியதுதான். வீட்டுத்திட்டத்தில் வீடுகள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் சுகம் வேண்டித் துஆ கேட்பார்கள். நோன்பு திறப்பதற்குள் எனக்குக் காய்ச்சல் என்ற செய்தி ஒழுங்கை ஒழுங்கையாகக் கடைசிச் சந்து வரைக்கும் போய்விட்டது. கஞ்சிக் கோப்பைகள் வரத் தொடங்கின. கொத்தமல்லி அவித்த தண்ணீர் மட்டும் நாலு வீட்டிலிருந்து வந்தது. "காய்ச்சலோட ஏன்டி நோன்பு புடிச்ச? உட்டுட்டுப் பிறகு புடிக்கலாமே" என்று மாமி என் தலையைத் தடவினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பெருநாள் விடிந்தது. புதுச்சேலை கொடியில் தொங்கியது. பள்ளியில் தக்பீர் முழக்கம் கேட்டது. நான் பழைய துணியோடு, போர்வைக்குள், புது வீட்டின் முன்னறையில் கிடந்தேன். தொழுகை முடிந்து வந்தவர்கள் எல்லோரும் முதலில் என்னைப் பார்க்கத்தான் வந்தார்கள். பார்த்துவிட்டு, என் தலைமாட்டிலேயே உட்கார்ந்து என் உம்மா செய்த வட்டிலாப்பத்தைச் சாப்பிட்டார்கள். எனக்குக் கொத்தமல்லித் தண்ணீர். காய்ச்சல்காரிக்கு இனிப்புக் கூடாதாம். என் கணவரும் மகளும் புது உடுப்போடு வாசலில் நின்று வாறவர்களை வரவேற்றார்கள். நான் ஆசைப்பட்ட நாள் என் கண் முன்னாலேயே, எனக்கு எட்டாத தூரத்தில் நடந்துகொண்டிருந்தது.

பத்து மணிபோல ஒழுங்கையில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. ஆஸ்பத்திரி வேன். மேற்றன் இறங்கினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தேர்மோமீற்றர், இரண்டு தோடம்பழம்.

வீட்டில் எல்லோரும் எழும்பி நின்றுவிட்டார்கள். கோழி ஏற்கெனவே கறியாகி இருந்ததால் உடனே தட்டு வந்தது. மேற்றன் நேரே வந்து என் நாக்கின் கீழே தேர்மோமீற்றரை வைத்தார். அந்த நேரம் பார்த்து என் மகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"உம்மாக்கு வருத்தமில்ல. உம்மா அடுப்படியில ஒளிச்சி நிண்டு வட்டிலாப்பம் திண்டவ" என்றாள்.

அது உண்மை. விடியற்காலையில் ஒரே ஒரு துண்டு. வாயில் தேர்மோமீற்றர் இருந்ததால் நான் பதில் சொல்லாமல் தப்பினேன். மேற்றன் அதை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "காய்ச்சல் இறங்கிட்டுது" என்று சபைக்குச் சொன்னார். பிறகு என் காதுப் பக்கம் குனிந்தார்.

"நான் உங்களைப் பிடிக்க வரல்ல பிள்ள. நல்ல நாளில வாறதுக்கு எனக்கும் விருப்பமில்ல. உங்கட கூட்டாளிதான் என்னை நிண்டு அனுப்பினவ. நீங்க லேசில படுக்கிற ஆளில்லையாம், கடுமையாத்தான் இருக்கும், ஒருக்காப் போய்ப் பாருங்க எண்டு."

"அவளுக்கு இண்டைக்கு லீவுதானே மேற்றன்?"

"லீவுதான். உங்களுக்குச் சுகமில்ல எண்டு தன்ட லீவை விட்டுப்போட்டு, விடிய ஆறரைக்கே வந்து நிக்கிறா. பஸ் இல்லை. தம்பிட சைக்கிளில வந்தவ."

எனக்கு அப்போதுதான் மெய்யாகவே உடம்பு சுட்டது. 'நாங்க பாப்பம்' என்று அவள் சொன்னதை, பெருநாள் இல்லாத தமிழ்த் தாதிகள் பார்ப்பார்கள் என்றுதான் நான் எடுத்திருந்தேன். எனக்கு ஒரு பெருநாள் வேண்டும் என்று இன்னொருத்தியின் பெருநாளைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். அவளுக்கும் உம்மா வாப்பா இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் வட்டிலாப்பம் அவித்திருப்பார்கள்.

போர்வையை எறிந்துவிட்டு எழும்பினேன். உள்ளே போய் வெள்ளை உடுப்பைப் போட்டு, அதற்கு மேலே ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்து மேற்றனுக்கு முன்னால் நின்றேன். அவர் என்னை வரச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தட்டில் இருந்த கோழித் துண்டை ஆறுதலாக முடித்துவிட்டுக் கை கழுவினார். என்னையும் கூட்டிக்கொண்டு வேனுக்குப் போகும்போது இரண்டு தோடம்பழத்தையும் என் மகளின் கையில் கொடுத்தார்.

"காய்ச்சலோட இவ எங்க போறா?" என்று மாமி கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு" என்றார் என் உம்மா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

என் தோழி நோயாளி ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து நெற்றியைத் தொட்டாள். கையை எடுக்காமலே என் முகத்தைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறையிலிருந்து கொத்தமல்லி வரைக்கும் சொன்னேன். அவள் திரும்பிப் போய் மிச்சக் கட்டையும் போட்டு முடித்தாள். தம்பி நாலு மணிக்குத்தான் சைக்கிளோடு வருவான் என்பதால் அவளுக்குப் போக வழியும் இல்லை. இரண்டு பேரும் ஒரே வார்ட்டில், பேச்சு வார்த்தை இல்லாமல் வேலை செய்தோம். நான் ஊசி மருந்தை எடுத்தால் அவள் பஞ்சை நீட்டுவாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொள்வாள். அதைவிட ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நோயாளிகளைப் பார்க்கும் நேரத்துக்கு மணி அடித்தது. வாசல் பக்கம் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கை முழுக்க வந்து நின்றது. மேற்றனே வேனில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறா என்றால் பிள்ளைக்கு இறங்கின காய்ச்சல் திரும்பக் கடுமையாக ஏறியிருக்கும் என்று, சட்டி பானையோடு புறப்பட்டு வந்திருந்தார்கள். முன்னால் என் கணவர், தோளில் மகள். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் முகம் சிவந்திருந்தது. மாமி ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்து என்னைத் தேடினார். ஐந்தாவது கட்டிலில் ஒரு காரைதீவு ஐயாவுக்கு நான் காய்ச்சல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வருத்தக்காரி நிண்டு மற்றவங்களுக்கு வருத்தம் பாக்காளே" என்று மாமி வாயில் கை வைத்தார்.

அவ்வளவுதான். வார்ட் முழுக்கச் சிரித்தது. கொண்டு வந்த வட்டிலாப்பமும் கோழியும் கட்டில் கட்டிலாகப் போனது. காரைதீவு ஐயா இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். மகள் வாப்பாவின் மடியில் உட்கார்ந்து, எனக்கு ஊட்டிவிட்டாள். மேற்றன் வாசலில் நின்று, பார்வையாளர் கூட்டம் சட்டத்தை மீறிவிட்டது என்று ஒரு தடவை சொன்னார். சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். சம்மாந்துறைக்காரிக்கு வேறொரு நாள் லீவு தருவதாகவும் சொல்லிவிட்டார்.

மாமி ஒரு தட்டை நிறைத்துக்கொண்டு போய் என் தோழியிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். முதல் வாயை வைத்ததும் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து கிட்டப் போனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணால் தண்ணீரும் ஓடியது.

"சுபஹுக்கு முந்தி எழும்பி, உனக்குச் சுகமாகோணும் எண்டு ரெண்டு றக்அத் தொழுது, அழுது துஆக் கேட்டன்டி. அதை எனக்குத் திருப்பித் தா" என்றாள்.

நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வேலையில் இருந்த காலமெல்லாம் எனக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் வரவில்லை, பொய்யாகவும் வரவில்லை, மெய்யாகவும் வரவில்லை.