அவிட்டத்தில் அடைத்த வாசல்

காலை ஆறே முக்கால் மணி. தை மாதப் பனி விலகவில்லை. குடமுருட்டிக் கரையிலிருந்து தெருவில் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது, ஒரு வீட்டின் வாசலில் இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றி வழியை மறித்து நின்ற ஒரு பெண்ணின் முதுகை. உள்ளே, கூடத்தில், நான்கு கான்ஸ்டபிள்கள் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அவர் விலகட்டும் என்று காத்திருந்தார்கள். கட்டிலில் அவருடைய கணவரின் உடல் இருந்தது.

"வாசல் வழியா வேண்டாங்க. தென்னண்டைச் சுவத்தை இடிச்சு எடுத்துட்டுப் போங்க."

"ஏம்மா, இது கொலைக் கேசு," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தச் சுவத்துலதான் கை ரத்தம் பட்டிருக்கு. ஒரு செங்கல் நகர்ந்தாலும் கோர்ட்டுல என் தலை உருளும்."

"உங்க தலையைச் சொல்றீங்க. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு புள்ளைங்க."

உறவுக்காரப் பெண்கள் அவரைப் பிடித்து இழுத்தார்கள். கட்டில் வாசல் வழியாக வெளியே வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனில் ஏறியது.

நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் நிருபர். திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து அதிக நாளாகவில்லை. அந்த அறுவடையில் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே பல ஊர்களில் கூலித் தகராறு. உள்ளூர் ஆட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். இந்த ஊரில் முந்தின வாரம் தொழிலாளர் தெருவில் இரண்டு குடிசைகள் எரிந்தன. யாரையும் கைது செய்யவில்லை. அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். பிறகு, நான் வந்ததற்கு முந்தின இரவு, களத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இந்த மிராசுதாரை வாய்க்கால் மதகருகே வெட்டினார்கள். அவர் ஓடி வந்து வீட்டுக்குள் விழுந்து, விடியுமுன் இறந்தார். நான்கு பேர் மேல் வழக்கு. மூவர் விடுதலையானார்கள், ஒருவருக்கு ஆயுள் தண்டனை.

சுவரை இடிக்கச் சொன்ன பேச்சை நான் செய்தியில் சேர்க்கவில்லை. எனக்கு அது புரியவில்லை. துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். என் ஊர் வேறு ஜில்லா.

ஐந்தாறு வருஷம் கழித்து, வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போய், கிணறுள்ள சொந்த வீடு ஒன்று வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக இருந்தபோது, தரகர் அந்த வீட்டுக்கே அழைத்துப் போனார். பக்கத்து வீடு போன விலையில் பாதிதான் சொன்னார்கள். காரணத்தை மனைவியிடம் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன்.

"எந்த வீட்டுலதான் சாவு இல்ல?" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "கூடத்துலயா?" என்று கேட்டாள்.

"கூடத்துல."

தரகர் எங்களை முன்வாசலுக்கு அழைத்துப் போகவில்லை. தெற்குப் பக்கச் சந்தில் நுழைந்தார். அங்கே சுவரை உடைத்து, புதிதாக நிலை வைத்து, ஒற்றைக் கதவு போட்டிருந்தது. அதன் வழியாக நேரே கூடத்துக்குள் வந்தோம். உள்ளிருந்து பார்த்தால் முன்கதவின் இரண்டு தாழும் போட்டு, குறுக்கே மூன்று மரச்சட்டங்கள் ஆணியடிக்கப்பட்டிருந்தன.

அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நானே சொன்னேன்.

"பேப்பர்காரரா? அப்ப நீங்க பார்த்தீங்கள்ல, நான் கத்தினதை?"

பார்த்தேன் என்றேன். அன்றுதான் அவர் விளக்கினார். அவிட்ட நட்சத்திரத்தில் உயிர் போனால் அந்த வீட்டுக்கு அடைப்பு. உடலை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. பக்கச் சுவரை இடித்து எடுத்து, வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். வாசல் வழியாகப் போன சாவு அதே வாசல் வழியாகத் திரும்பி வரும். போலீஸ் முத்திரை எடுத்த பிறகு சுவரை இடித்தார்கள். எடுத்துப் போக எதுவும் இல்லை. ஆனாலும் இடித்தார்கள்.

"சோசியர் சொன்னாரு, என் புள்ள அவங்கப்பா வயசைத் தாண்டுற வரைக்கும் முன்வாசல் திறக்கக் கூடாதுன்னு. சாகறப்ப அவருக்கு நாப்பத்தொண்ணு. நிலமெல்லாம் உச்சவரம்புல போனது போக குத்தகைக்காரங்ககிட்டயே கொடுத்துட்டேன். வீட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? திருக்கடையூர்ல அண்ணன் வீட்டோட போயிடுவேன். ஆனா தம்பி, வாங்கறவங்க எல்லாம் முதல்ல வாசலைத் திறக்கணும்னுதான் சொல்றாங்க. மூணு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன்."

பையனுக்கு அப்போது பதினாறு வயது. நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். என் மனைவியும் போட்டிருக்க வேண்டும்.

"இதைக் கிரயப் பத்திரத்துல எழுத முடியாதேம்மா," என்றேன்.

"எழுத வேண்டாம். சொல்லுங்க, போதும்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சரின்னு சொல்லுங்க," என்றாள்.

வாசல் இல்லாத வீட்டில் குடியிருப்பது நாங்கள் நினைத்ததைவிடச் சிரமமாக இருந்தது. தபால்காரர் பழக்கதோஷத்தில் முன்கதவைத் தட்டிவிட்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சந்து வழியாகச் சுற்றி வருவார். மனைவி சந்தில் போடும் கோலத்தை, அவள் எழுந்து நிமிர்வதற்குள் யாராவது சைக்கிளை உருட்டி அழித்துவிடுவார்கள். முன்வாசற்படி ஆடுகளுக்குப் போயிற்று. பூட்டிக் கிடக்கும் வீடு என்று நினைத்து, தேர்தலுக்குத் தேர்தல் கதவில் போஸ்டர் ஒட்டினார்கள். ஆளுங்கட்சி போஸ்டர் மேல் எதிர்க்கட்சி போஸ்டர். எதிர்க்கட்சி ஆளுங்கட்சியான பிறகு அதன் மேல் இன்னொன்று. கிழிக்கப் போனால் சண்டை வரும் என்று விட்டுவிட்டேன்.

கருப்புச் சட்டை போட்ட மேடைப் பேச்சாளர் ஒருவர் எனக்குச் சிநேகிதர். சந்துக் கதவில் தலையைக் குனிந்து நுழையும்போதெல்லாம் ஏதாவது சொல்லுவார்.

"ஏய்யா, ஊருக்கெல்லாம் பகுத்தறிவு எழுதற. வீட்டுக்குள்ள வர சுவத்தைக் குடையணுமா?"

"வாக்கு கொடுத்துட்டோம்."

"கதவைத் திறந்தா அந்தப் பையன் செத்துருவான்னு நீ நம்பறியா?"

"இல்ல."

"அப்புறம்?"

நான் அவரை வழியனுப்பத் தெருவுக்கு வந்தேன். அவர் போஸ்டர்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதைத் திறக்கணும்னா முதல்ல ஆட்சியைக் கலைக்கணும்," என்று சொல்லிச் சிரித்தார்.

எங்கள் பெண்ணின் கல்யாணத்தின்போதுதான் உண்மையான சோதனை வந்தது. நிச்சயம் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். சம்பந்திகளைச் சந்து வழியாக அழைப்பதா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அந்த அம்மாளின் பையன் அப்போது துபாயில் வேலையில் இருந்தான். அவனுக்குத் தெரியவா போகிறது, ஒரு நாளைக்குத் திறந்துவிட்டு மூடிவிடலாம் என்றேன் நான். சட்டத்தை எடுக்கக் கடப்பாரையும் எடுத்து வைத்துவிட்டேன்.

மனைவி கடப்பாரையைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டாள்.

"ஏங்க, அவனுக்கு இன்னும் நாப்பத்தொண்ணு ஆகல."

"நீ இதை நம்பறியா?"

"நம்பறேன்னு சொன்னேனா? அந்தம்மா திருக்கடையூர்ல உக்காந்துக்கிட்டு வருஷத்தை எண்ணிட்டிருப்பாங்க. நாளைக்கு அவனுக்குச் சும்மா ஜுரம் வந்தாக்கூட யாரு வந்து பதில் சொல்றது? நீங்களா?"

நிச்சயமும் கல்யாணமும் சத்திரத்தில் நடந்தன. சம்பந்திகள் அதைக் கொஞ்ச காலம் சொல்லிக்காட்டினார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நாள் காலை ஒரு கார் வந்து முன்வாசலில் நின்றது. முன்தலை நரைத்த ஒருவர் இறங்கினார். பின்சீட்டிலிருந்து அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கினார். எனக்கு யாரென்று தெரியுமுன் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"நாப்பத்திரண்டு முடிஞ்சிருச்சு, சார்," என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு. "நாப்பத்தொண்ணு முடிஞ்சப்பவே வரேன்னேன். அம்மாதான் இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னாங்க. எனக்கு இதுலல்லாம் பெருசா ஒண்ணும் இல்ல."

"பேசாம இருடா," என்றார் அம்மாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "திறக்கவே இல்லையா தம்பி?"

"இல்லம்மா."

"நடுவுல ஒரு தடவைகூட?"

"இல்லங்க," என்றாள் மனைவி.

தச்சரை வரவழைத்து உள்ளே சட்டங்களை எடுத்தோம். தாழ்கள் துருவேறி இறுகியிருந்தன. தேங்காய் எண்ணெய் விட்டுத் தட்டினார். வெளியே போஸ்டர்கள் இரண்டு கதவையும் சேர்த்து ஒட்டிப் பிடித்திருந்தன. நடுவில் பிளேடால் மேலிருந்து கீழே அறுக்க வேண்டியிருந்தது. அட்டை போலத் தடிமன். கதவு திறந்ததும் கூடத்தில் நாங்கள் அதுவரை வெயிலே பார்க்காத இடத்தில் வெயில் விழுந்தது.

மகன் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் வழியாக உள்ளே வந்தார். மனைவி அம்மாளின் கையைப் பிடித்து, "வாங்க," என்றாள்.

அவர், அன்று கைகளை ஊன்றி மறித்து நின்ற வாசல் நிலையைப் பார்த்துவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றிப் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார்.