நாலாம் ரூம் விளக்கு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன், எலக்ட்ரிக்கல் படித்தவன், வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் யார் வீட்டு பல்பு விட்டு விட்டு எரிந்தாலும் "ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஹோல்டர் லூசு" என்று சொல்லிச் சரிபண்ணிக் கொடுப்பவன். இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

பெரிய கட்டடங்கள் எல்லாம் எவ்வளவு கரண்ட் எடுக்கிறோம் என்று கணக்குக் காட்ட வேண்டும், காட்டினால் மட்டும் போதாது, குறைக்கவும் வேண்டும் என்று விதி வந்ததே, அதற்காக அளந்து கொடுக்கிற கம்பெனியில் சேர்ந்திருந்தேன். என்னைத் தனியாக அனுப்பிய முதல் இடம், ராயபுரம் பக்கம் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கு. அதை ஒழுங்காக முடித்தால்தான் வேலை நிரந்தரம்.

நுழைந்ததிலிருந்தே ஒருத்தர் முகமும் சரியில்லை. கரண்ட்டைக் குறைக்க வந்தவன் ஆளையும் குறைப்பான் என்று நினைத்தார்களோ என்னவோ. குடிக்கத் தண்ணீர் கேட்டேன், கேன் காலி என்றார்கள். என் கண்முன்னாலேயே ஒருத்தர் அதே கேனில் பிடித்துக் குடித்தார்.

அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு குளிர் அறைக் கதவுக்கு மேலேயும் ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே லைட் போட்டால் வெளியே சிவப்பும் எரியும், உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். எரியாவிட்டால் ஆள் இல்லை, அந்தப் பக்கம் போகிறவர் யாரானாலும் தாழ்ப்பாளை இழுத்துப் போட வேண்டும், குளிர் வீணாகக் கூடாது. யோசிக்காமல் கை தானாகச் செய்கிற வேலை. நாலாம் ரூமில் மட்டும் ஆளே இல்லாமல் பெரிய பெரிய பழைய விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. குளிர் அறையில் அது இரட்டைச் செலவு, விளக்கின் சூட்டை வெளியே தள்ள கம்ப்ரசரும் கூடுதலாக ஓட வேண்டும்.

"அத்த மட்டும் வுட்ரு சார்," என்றார் சூப்பர்வைசர் தேசிங்கு. "ஒரு மழைல கரண்ட் பூட்ச்சி, செவப்பு அணைஞ்சிச்சி. ஆள் இல்லன்னு எவனோ தாப்பா போட்டுக்கினு பூட்டான். காலைல கரண்ட் வந்து செவப்பு எரிஞ்சப்பதான் தொறந்தோம். மல்லிகா தம்பி. வெறச்சிப் போய் கெடந்தான். அதுலேர்ந்து அந்த லைட்ட யாரும் அணைக்கறதில்ல."

மல்லிகா, இறால் பிரிக்கிற மேசையில் நின்றிருந்த அக்கா. நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாடா, லைட்ட அணைக்க வந்துகிறியா?"

"அக்கா, நானும் வியாசர்பாடிதான்க்கா. கணக்கு கொறையலன்னா ஒங்களுக்குத்தான் பேஜாரு."

"வியாசர்பாடின்னா? எங்க வூட்டு சோறா துன்ன? தொட்டேன்னு வையி, கைய முறிச்சி ஐஸ்ல போட்ருவேன்."

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து கதவுக்கு வெளியே இருந்த போர்டிலிருந்து நாலாம் ரூம் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செல்போன் டார்ச்சோடு உள்ளே போய், படித்த பாடப்படி சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டு விளக்குகளை எண்ண ஆரம்பித்தேன். பின்னால் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

புதிதாகச் சேர்ந்த லோடுமேன் ஒருத்தன். சிவப்பு எரியவில்லை, ஆள் இல்லை என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

கத்தினேன். அந்தக் கதவு கனத்துக்குக் கடலே கத்தினாலும் கேட்காது. ஆபத்துக்கு அடிக்கிற மணியும் அதே பியூஸில்தான், அது என் பையில். குளிரில் செல்போனும் செத்துப்போனது. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிற இருட்டு. மூச்சு இழுத்தால் நெஞ்சு குத்தியது, கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

அப்போது என் வலது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

நம்பினால் நம்புங்கள். விறைத்துப்போன கையுறை, அதற்குள் விரல்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. காப்பாற்ற வந்த பிடி இல்லை அது, வெறுப்பில் பிடித்த பிடி. கையை முறுக்கி, தரதரவென்று சுவரோரம் இழுத்துப்போய், சுவிட்ச் மேல் என் கையை ஓங்கி ஓங்கி அறைந்தது. லைட் எரிந்தது. உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை.

கதவு திறந்தது. மல்லிகா அக்கா. சிவப்பு அணைந்திருப்பதைப் பார்த்து ஓடி வந்திருக்கிறார், வந்து நிற்கும்போதே அது எரிந்திருக்கிறது. என் பையில் துருத்திக்கொண்டிருந்த பியூஸ் கட்டையை எடுத்துப் பார்த்தார். போர்டில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். மேலே எரிகிற சிவப்பைப் பார்த்தார்.

"அவனாடா?"

மணிக்கட்டைக் காட்டினேன். பளாரென்று ஓர் அறை விட்டார்.

"அவனுக்கு யாரும் லைட்டு போட்டுக் குடுக்கலியேடா, பாவி..."

வேறு லைனிலிருந்து கரண்ட் வந்திருக்கும் என்றார் என் மேலதிகாரி. தேசிங்கும் நானும் வயர் முழுக்கத் தேடினோம், வேறு லைன் இல்லை. மற்ற ரூம்களில் சின்ன விளக்குகளாக மாற்றச் சொல்லி, நாலாம் ரூமில் கை வைக்காமலே கணக்கைக் குறைத்துக் கொடுத்தேன். வேலை நிரந்தரமானது.

ஆனால் அன்றிலிருந்து எந்த லைட்டை அணைக்கப் போனாலும் மணிக்கட்டில் அந்தப் பிடி இறுகுகிறது. கையைத் தொங்கவிட்டால்தான் விடுகிறது. "ஊருக்கெல்லாம் லைட்ட அணைன்னு சொல்ற, நம்ம வூட்ல எரிஞ்சிகினே கீதுடா" என்று திட்டிக்கொண்டே அம்மாதான் தினமும் எழுந்து வந்து அணைப்பாள்.

போன வாரம் அணைக்கப் போனவள் சுவிட்சில் கை வைத்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "வுட்றா, கை வலிக்குது."

நான் எதிர்ச் சுவரோரம் பாயில் படுத்திருந்தேன்.