ஆட்சிக்குழுவில் மலைக்கு ஒரே ஆள்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு ஆகிறது. படையலுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், கீழ்நாட்டிலிருந்து மூச்சு வாங்க மலையேறி வந்திருக்கும் பெரியவர்களுக்கும் அவருடைய தங்கையாகிய நான் முதலில் கைகூப்பிக்கொள்கிறேன். நினைவு மலர் என்றால் நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று சித்தப்பா மகன் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். நடந்ததையும் சேர்த்து எழுதுவேன். எட்டாவது வரை படித்தவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை இருக்காது.

ஒடுகத்தூருக்கு மேலே, காலையில் ஏறத் தொடங்கினால் உச்சிப் பொழுதுக்குள் வந்து சேரக்கூடிய இந்த ஊரில்தான் அண்ணன் பிறந்தார். எங்களுக்குச் சாமைக் கொல்லையும், நாலைந்து புளிய மரமும் உண்டு. நான் நடை பழகும் முன்பே அம்மா போய்விட்டார். அப்பா புளி மூட்டையோடு சந்தைக்கு இறங்கிய நாட்களில் எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது அண்ணன்தான். அடி பிடித்த கஞ்சி. அதைக் குடிக்க வைக்க அவர் போட்ட நாடகங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது.

படிக்க வேண்டும் என்று அப்பாதான் அவரை ஒடுகத்தூர் விடுதியில் கொண்டுபோய் விட்டார். அங்கே பையன்கள் அவரை 'மலையான்' என்று கூப்பிட்டார்களாம். "கூப்ட்டா கூப்ட்டும் போ, நான் மலையான்தானே" என்று சொல்லிவிட்டுப் படித்தார். எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பைத் தேறிய முதல் ஆள் அவர். அமிர்தியில் காட்டு வேலை மேற்பார்வைக்குக் கொஞ்ச நாள் போனார். அப்பா படுத்துவிட்டதும் வேலையை விட்டுவிட்டுக் கொல்லைக்கே திரும்பிவிட்டார்.

அண்ணி வந்தார். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்தக் கொஞ்ச காலம்தான். பிரசவ வலி எடுத்து ஒரு நாள் முழுதும் குழந்தை வராமல் போகவே, போர்வையில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி இறக்கத்திலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு பெண் இருந்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்கும் என்று கீழே மருத்துவர் சொன்னாராம். அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் போன பிறகு, கணவரை இழந்து நான் வந்து சேரும் வரை அந்த வீட்டில் தனியாகவே இருந்தார்.

எழுபதுகளின் நடுவில் கீழ்நாட்டுப் பெரியவர்கள் சிலர் கல்விக் கழகம் ஒன்று தொடங்கி, எங்கள் மலையில் சமுதாயக் கல்லூரி வைக்க முன்வந்தார்கள். பெயர்தான் பெரிய பெயர். இருந்ததென்னவோ இரண்டு ஓட்டுக் கொட்டகை. ஒன்றில் பையன்களுக்குப் பம்புசெட்டு பழுது பார்க்கும் பயிற்சி, மற்றதில் பெண்களுக்குத் தையலும், பிரசவம் பார்க்கத் தாதிப் பயிற்சியும். அந்தக் கொட்டகைகளை எழுப்பியது ஊர். கல்லை உடைத்ததும், ஒடுகத்தூரிலிருந்து ஓட்டைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்ததும் நம் ஆட்கள்தான். தாதிப் பயிற்சிக்குப் பெண்கள் சேர்ந்த அன்று அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புது மாப்பிள்ளை மாதிரி வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

கல்லூரியை நடத்த ஓர் ஆட்சிக்குழு அமைந்தது. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் தலைவர். வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருந்த பாய் ஒருவர், ஒரு வக்கீல், இன்னும் சிலர். மலைக்கென்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். ஊர்க்கூட்டம் கூடி அண்ணனை அனுப்பியது. ஒடுகத்தூரில் வேர்க்கடலை மண்டிக்கு மேல் மாடியில் மாதம் ஒருமுறை கூட்டம். ஆசிரியர் நியமனம், விடுதிக்கு அரிசி, உடைந்த தையல் இயந்திரம், வராத மானியம் எல்லாவற்றையும் அந்த மேசையில்தான் பேசி முடிப்பார்கள். தலைவர் தீர்மானத்தைப் படிப்பார். பிடித்திருந்தால் அண்ணன் வாய்விட்டு "சரிங்க" என்பார். அதுவரை பிடிக்காத தீர்மானம் ஒன்றும் வரவில்லை.

இந்த இடத்தில் கீழ்நாட்டு நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் முன்னால் 'மாட்டேன்' என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் மரியாதைக் குறைவு. சம்மதம் உள்ளவன் சரி என்று சொல்லுவான். சம்மதம் இல்லாதவன் தலையைக் குனிந்து பேசாமல் உட்கார்ந்திருப்பான். ஒரே ஒருத்தன் அப்படி உட்கார்ந்துவிட்டாலும் போதும். "அவனுக்கு மனசு வரல. இன்னொரு நாள் கூடிக்கலாம்" என்று ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் எழுந்துவிடுவார். காரியம் அங்கேயே நின்றுபோகும்.

ஒரு மழைக்காலத்துக் கூட்டத்தில் தலைவர் புதுத் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார். மலையில் மின்சாரம் இல்லை, மழையில் ஜீப் ஏறவில்லை, ஆசிரியர்கள் தங்க மறுக்கிறார்கள். ஆகவே கல்லூரியை அடிவாரத்துக்கு மாற்றிவிடலாம் என்று. பையன்கள் கீழே போய்ப் படிப்பார்கள். பெண்களை யார் அனுப்புவார்கள்? தாதிப் பயிற்சி அதோடு முடிந்தது என்று அண்ணனுக்குத் தெரியும். "யாருக்காவது ஆட்சேபணை உண்டுங்களா?" என்று தலைவர் கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வாயைத் திறக்கவில்லை. "அப்ப சரி, அடுத்த விஷயத்துக்குப் போவலாம்" என்றார் தலைவர்.

அன்று அண்ணன் மலையேறி வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"இன்னாண்ணா, இவ்ளோ சந்தோஷம்?"

"காலேஜ கீழ எடுத்துக்கினு போறோம்னு கிளம்பிட்டாங்கம்மா. நிறுத்திட்டு வந்துட்டேன்."

"எப்டி நிறுத்துன?"

"ஒரு வார்த்த பேசல நானு. தலைய குனிஞ்சிக்கினு அப்டியே குந்திட்டேன். அவரும் அத விட்டுட்டு வேற பேச்சுக்குப் போய்ட்டாரு."

ஈரத்தோடு ஊர்க்கவுண்டர் மாமா வீட்டுக்கும் போய், "பயப்படாதீங்க மாமா. காலேஜு எங்கயும் போவாது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மழை விட்டதும் ஜீப் வந்தது. தையல் இயந்திரங்களையும், பலகைகளையும், தாதிப் பயிற்சிக்கு வைத்திருந்த துணிப் பொம்மையையும் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டது. ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் என்று உடன் வந்தவர் சொன்னார். ஏகமனது என்றால் எங்கள் அண்ணனும் சேர்ந்துதானே? போகாது என்று வாக்குக் கொடுத்தவரே போக வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஊர் முடிவு கட்டியது. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஊர்க்கூட்டத்துக்குச் சொல்லி அனுப்பவில்லை. விளக்கம் சொல்லப் போனபோது, "போதும், விடு" என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். தங்கச்சி அண்ணனுக்குத்தானே பரிந்து பேசுவாள் என்று என் பேச்சையும் யாரும் காதில் வாங்கவில்லை.

தலைவரிடமும் போய் நின்றார் அண்ணன். "நான் ஒத்துக்கவே இல்லீங்களே" என்றாராம். "இன்னாங்க இது! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? எங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று அவர் கேட்டாராம். அவர்மேலும் தப்பில்லை. அதுதான் அண்ணனை வாட்டியது. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் போய்விட்டது அவருக்கு.

"ராஜினாமா பண்ணிட்டு வாண்ணா. ஊரும் பேச மாட்டுது, அவுங்களும் கேக்க மாட்டாங்க. இன்னாத்துக்கு இந்த நாற்காலி?" என்று நான் சண்டை போட்டேன்.

"நான் எழுந்து வந்துட்டா மலைக்கு அந்த ஒரு நாற்காலியும் இல்லாம போய்டும்மா" என்றார்.

அதற்குப் பிறகு மாதந்தோறும் தனியாக இறங்கினார், தனியாக ஏறினார். முன்பெல்லாம் ஒடுகத்தூர் போகிறவர்கள் சேர்ந்து பேசிக்கொண்டு போவார்கள். இப்போது அவர் வருவதைப் பார்த்தால் கொஞ்சம் பின்தங்கி நின்றுவிடுவார்கள். அவரும் புரிந்துகொண்டு வேகமாக முன்னால் நடந்துவிடுவார். பெரியவர்கள் முகத்துக்கு நேராக மறுப்புச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அதற்காக மாட்டுக் கொட்டாயில் நின்று, பசுவைப் பார்த்து, "எனக்குச் சம்மதமில்லீங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகினார். நான் வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பசு வைக்கோலை மென்றுகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டார். தாதிப் பயிற்சியை மலைக்குத் திருப்ப வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் தோற்றார். எல்லாக் கைகளும் ஒரு பக்கம், அவர் கை மட்டும் ஒரு பக்கம். அதற்காக முறுக்கிக்கொண்டு உட்காரவில்லை. விடுதி அரிசியில் வண்டு இருந்தால் அவர்தான் கையில் அள்ளிப் பார்ப்பார். ஆசிரியர் நேர்காணலில், "மலைப் பிள்ளைங்கள பேர் சொல்லிக் கூப்புடுவீங்களா?" என்று அவர் ஒரு கேள்வி கேட்பாராம். வேறு யாருக்கும் தோன்றாத கேள்வி என்று பாய் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

எண்பதுகள் பிறந்த பிறகுதான் பாய் அவர் பக்கம் கை தூக்கினார். பிறகு வக்கீல். கடைசியில், "எடம் எங்கங்க இருக்குது? கொட்டாய் இடிஞ்சி கெடக்குதே" என்றார் தலைவர். "எங்க வூடு இருக்குதுங்க" என்று அண்ணன் சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! வீட்டுக்கு வந்து சொன்னபோது நன்றாக ஏசினேன். ஏசிவிட்டு, சாமான்களைப் பின்கட்டுக்கு ஒதுக்கினேன்.

பெண்கள் வந்தார்கள். பெற்றவர்கள் தெருக்கோடி வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, எங்கள் வாசல் பக்கம் திரும்பாமல் போவார்கள். பகலெல்லாம் உடம்பின் உறுப்புகளைப் பாடம் சொல்லும் சத்தத்தில் வீடு அதிரும். அண்ணன் பின்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பொழுது சாய்ந்து பெண்கள் போய்விட்டால், அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. படித்துத் தேறியவர்கள் இன்றைக்கு இந்த மலையில் எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அப்படி உங்கள் கைக்கு வந்த பிள்ளைகளை அண்ணன் தூரத்திலிருந்துதான் பார்த்தார்.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை முற்றி அண்ணன் படுத்துவிட்டார். ஒடுகத்தூரிலும் வேலூரிலும் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். செய்தி கேட்டு வாணியம்பாடி பாய் வந்தார். ஜீப் நிற்கிற இடத்தில் ஊர்க்கவுண்டர் மாமா வீடு. வயதானவர் மூச்சு வாங்குகிறாரே என்று மாமா உட்கார வைத்து மோர் கொடுத்திருக்கிறார். பேச்சு அந்தப் பழைய தீர்மானத்துக்குப் போயிருக்கிறது. பாய் சொன்னதை மாமாவே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"பாவங்க அந்த மனுசன். அன்னிக்குத் தலையத் தூக்கவே இல்ல. பேச்சே இல்லாம குந்திக்கினு இருந்தாரு. நாங்கதான் சரின்னு எடுத்துக்கினோம்."

மாமாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இந்த ஊரில் யாருக்கும் தேவைப்படாது.

அன்று மாலையே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பாயும் உடன் இருந்தார். மாமா நேரே உள்ளே போய் அண்ணன் படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தோள்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மாப்ள, வெள்ளிக்கெழம ஊர்க்கூட்டம். நீ வரணும்."

அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்தார். "இன்னா விஷயமா மாமா?" என்று கேட்டார். ஆட்சிக்குழுவில் இருந்து பழகியவர் இல்லையா!

"பொண்ணுங்க படிக்கிற கொட்டாய மறுபடி கட்டணும். நீ இல்லாம எப்டி?"

"வர்றேன் மாமா" என்றார். மாமா போன பிறகு என்னைக் கூப்பிட்டு, வெள்ளை வேட்டியைத் துவைத்து வைக்கச் சொன்னார். துவைத்துக் காயவைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் விடியற்காலையில் அவர் உயிர் பிரிந்தது. அந்த வேட்டியைத்தான் அவருக்குக் கட்டினோம்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் அண்ணனைப் பார்த்துக்கொண்ட எங்கள் வீட்டில் படித்த பெண்களுக்கு, முடியாத காலோடு மலையேறி வந்த பாய்க்கு, நேரில் வந்து மாலை வைத்த ஆட்சிக்குழுத் தலைவருக்கும் வக்கீலுக்கும், பாடை கட்டியவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், அன்று திரண்டு வந்த ஊருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஊர்க்கவுண்டர் மாமாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் வந்து உட்கார்ந்த அன்று அண்ணன் ஒரு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தார். உங்கள்மேல் அவருக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. எனக்கு இருந்தது, இன்னும் ஆறவில்லை. கொட்டகை எழும்பிவிட்டது, பெண்கள் அங்கே போய்விட்டார்கள். படையல் முடிந்து இன்று எல்லோரும் கலைந்து போவீர்கள். கோபக்காரி என்று நினைத்து வராமல் இருந்துவிடாதீர்கள். இந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன்.